பேஜார் சிஸ்டரும் வாய் திறக்காத ஆதிகேசவனும்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே ஆரோக்கியமேரிக்கு ஆகாது. நோயாளி கத்தினால் பொறுத்துக்கொள்வாள், மாத்திரையைத் துப்பினால் இன்னொன்று எடுத்து வருவாள், நடுவிரலில் ஊசி போடச் சொல்லி அடம்பிடித்தால்கூடப் பேசிச் சரிக்கட்டுவாள். வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் அவளுக்கு எட்டிக்காய். அவர்கள் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும், வாயில் ஒரு செத்தவன் கதை இருக்கும். "எங்க சித்தப்பாவுக்கும் இதே மாதிரிதான் மொதல்ல கை வரல" என்று படுத்திருப்பவன் காதுபட ஆரம்பித்து, அடக்கம் செய்து பால் தெளித்ததுவரை சொல்லி முடிப்பார்கள். அப்புறம் "நீ ஒண்ணும் கவலப்படாத" என்று தோளைத் தட்டிவிட்டு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போவார்கள். கொண்டுவந்த ரொட்டியைப் பெரும்பாலும் அவர்கள் கூட்டிவந்த பிள்ளைகளே தின்று தீர்த்துவிடும்.

ஆம்பூரில் புறவழிச்சாலையை ஒட்டியிருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். பிறந்தது பேரணாம்பட்டு. அம்மா பீடி சுற்றினாள், அப்பா தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று காலம் தள்ளினார். வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்து இந்த வார்டுக்குள் நுழைந்தபோது கருகருவென்றிருந்த தலை இப்போது பாதி நரைத்துவிட்டது. வாய் மட்டும் அன்றைக்கு இருந்த கூர்மையில் அப்படியே இருக்கிறது. அவள் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஊரையே அதட்டுகிற மனிதர், தனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வெளியே சொல்லமாட்டார். சொன்னால் மாத்திரைக்கு முன்னால் திட்டு வரும் என்று அவருக்குத் தெரியும்.

பார்வை நேரம் முடிந்ததும் கூட்டத்தை ஆட்டுமந்தையைப் போல ஓட்டி வெளியே தள்ளுவாள். அப்படித் தள்ளப்பட்டவர்கள் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் பேஜார் சிஸ்டர். அது காதில் விழுந்தபோது அவள் கோபப்படவில்லை. "பேரு வெச்சவன் மறுபடி உள்ள வராம இருந்தா போதும்" என்றாள்.

நிர்வாகத்துக்கு அவள் வாய்மீது பெரிய கவலை. வார்டு வாசலில் சிரிப்பே மருந்து என்று ஒரு பலகை மாட்டினார்கள். போதாததற்குச் சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவரை வரவழைத்து, நோயாளிகள் குடும்பத்தின் மன அழுத்தத்தை நர்ஸ்கள் எப்படிக் குறைப்பது என்று வகுப்பு எடுக்கவைத்தார்கள். அவர் எல்லோர் கையிலும் ஒரு பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னார். கவலையெல்லாம் பலூனுக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நர்ஸ்கள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மாடியில் யாரோ ஒரு கிழவர் பெட் பேன் கேட்டு மணியடித்துக்கொண்டே இருந்தார். ஆரோக்கியமேரி பலூனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் கிழவரின் அழுத்தம் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவளின் வார்டுக்குத்தான் ஆதிகேசவன் வந்து சேர்ந்தார்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளுத்த வேட்டி கசங்காமல் தெருவில் நடக்கிற ரகம். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. காதும் புத்தியும் மட்டும் தெளிவாக இருந்தன. அவரைச் சுற்றி நின்றவர்கள் யாரும் அதை நம்பவில்லை. பேச முடியாதவனுக்குக் கேட்கவும் கேட்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அவருடைய ஆயுசைப் பற்றி விவாதம் நடத்தினார்கள்.

அவரைப் பார்த்துக்கொண்டவள் மருமகள் மோகனா. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை, சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். துணி மாற்றுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். வார்டு பாய் என்று ஒருத்தன் உண்டு. இரண்டு மாடிக்கும் அவன் ஒருவனே. அவன் வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடும்.

மகன் மூர்த்தி தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலம் வேலை முடிந்து வருவான். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று மனைவியை விசாரிப்பான். அவள் சொல்வதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விடுவான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், "அப்பாவ விட்டு ஒரு நிமிஷம் நவுர முடியலடா" என்று நண்பர்களிடம் சொல்லுவான். அந்த ஒரு வாக்கியத்தை ஆரோக்கியமேரி கேட்கிறபோதெல்லாம் கையில் இருக்கும் ஊசிக்கு வேறு உபயோகம் தோன்றும்.

சேர்ந்த புதிதில் கஞ்சியும் தண்ணீரும் ஒழுங்காகத்தான் இறங்கின. சிறுநீர்க் குழாயை எடுத்ததற்கப்புறம் ஆதிகேசவன் வாயை மூடிக்கொண்டார். மோகனா டம்ளரைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஸ்பூனால் ஊட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அவருக்குப் பிடித்த ரசத்தைத் தெளிவாக இறுத்துக் கொண்டுவந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விழுங்குவதில் கோளாறு இருக்குமோ என்று டாக்டர் சோதித்தார், தொண்டை நன்றாகவே இருந்தது. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இடது கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் பிளாஸ்டரைக் கடித்து அந்த ஊசியையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

உறவு ஜனங்களுக்கு இது போதாதா? காவேரிப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள் கமலம், ஆதிகேசவனின் தங்கை. வந்தவள் அண்ணனைப் பார்த்தது கொஞ்சம், அண்ணன் மருமகளைப் பார்த்தது ஜாஸ்தி.

"எங்கண்ணன் எப்படி இருந்த மனுஷன். ஒரு மொடக்குத் தண்ணி குடுக்க ஆளில்லாம கெடக்குறாரே."

"குடுத்தா குடிக்க மாட்டேன்றாரு அத்த."

"குடுக்கற மாதிரி குடுத்தா ஏன் குடிக்க மாட்டாரு? மனசுல இன்னா இருக்கோ அதான கையில வரும்."

கமலத்தோடு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை ஊருக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகாது. இந்தக் கூட்டத்தில் ஒருத்தி முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்துக் கிழவரின் நெற்றியில் அப்பினாள், இன்னொருத்தி தலைமாட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அழுக்குத் துணி நிறைந்திருந்த பக்கெட்டைத் தாண்டித்தான் எல்லோரும் போனார்கள் வந்தார்கள். அதைத் தொட ஒரு கை நீளவில்லை.

டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார். நாளைக்கும் இப்படியே இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் இறக்குவது, அதையும் பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டுவது. உடம்பில் ஏற்கெனவே நீர் வற்றிக் காய்ச்சல் கண்டிருந்தது. குழாயும் நிற்காவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் மூர்த்தியிடம் மெதுவாகச் சொன்னார். அதன் அர்த்தம் மோகனாவுக்குப் புரிந்தது. மாமனார் செத்தால் அவளால்தான் செத்தார் என்று ஆகிவிடும். துணி துவைக்கும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதாள்.

ஆரோக்கியமேரி அங்கே வந்து குழாயை மூடினாள்.

"தண்ணிய வேஸ்ட் பண்ணாத. அழுறதுன்னா சும்மா அழு. நீ எப்ப சாப்ட்ட?"

"காலைல டீ குடிச்சேன் சிஸ்டர்."

"உள்ள ஒருத்தரு வாய மூடினாருன்னா, வெளிய நீயும் மூடிக்கினியா? போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா. தட்டு காலியான்னு கேன்டீன்ல கேப்பேன்."

இதுதான் அவளுடைய ஆறுதல். பலூன் வகுப்பு எடுத்தவர் கேட்டிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். மோகனா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் பக்கத்துக் கட்டிலில் இருந்த நசீர் அகமது கையசைத்தார். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்தவர், சர்க்கரைக் காலுக்காகப் படுத்திருந்தார். படுத்திருந்தாலும் கண் எல்லாக் கட்டிலையும் சுற்றிவரும்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்றேன். அந்தப் பொண்ணு வெளிய போய்ட்டா தாத்தா அந்த டம்ளரயே பாக்குறாரு. தாகம் இல்லாத கண்ணு இல்ல அது."

ஆரோக்கியமேரி திரையை இழுத்து மூடிவிட்டு ஆதிகேசவனின் இடது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சிரிப்பே மருந்து என்பதை நம்பாதவள் இதை நம்பினாள். பேச்சில்லாதவனிடம் சும்மா பேசிக்கொண்டே போகக்கூடாது, பதில் சொல்ல ஒரு வழி விட்டுக் கேட்க வேண்டும்.

"தாத்தா, நான் கேக்கறது ஆமான்னா கைய அமுக்கு. இல்லன்னா விட்டுடு. விழுங்கும்போது வலிக்குதா?"

கை சும்மா இருந்தது.

"மருமவ மேல கோவமா?"

கை விலகப் பார்த்தது. அவள் விடவில்லை. கட்டில் கம்பியில் உலர்த்தியிருந்த துணிகளைப் பார்த்தாள், கீழே இருந்த பக்கெட்டைப் பார்த்தாள். சிறுநீர்க் குழாயை எடுத்த நாளும் இவர் வாயை மூடிய நாளும் ஒன்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதைக்கூடக் கவனிக்காமல் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"குடிச்சா ஈரமாவும். ஈரமானா அந்தப் பொண்ணு வந்து துணிய மாத்தும். அதான் குடிக்கலியா?"

அவர் அவள் விரல்களை நெரித்துவிடுகிற மாதிரி அமுக்கினார். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. இத்தனை வருஷத்தில் மருமகள் எதிரே சட்டையில்லாமல் வராத மனிதர். அவர் தன் மானத்துக்கு ஒரு கணக்குப் போட்டு, தாகத்தால் செத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் திருநீறும் என்ன செய்யும்?

ஆரோக்கியமேரி டம்ளரை எடுத்தாள். "நான் வெளி ஆளு, எங்கிட்ட கூச்சம் வேணாம். குடி. சாயங்காலத்துல இருந்து இதுக்கு ஒரு ஆம்பளய ஏற்பாடு பண்றேன்." ஆதிகேசவன் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

சாயங்காலம் மூர்த்தி வழக்கம்போலக் கால்மாட்டில் வந்து நின்றான். வழக்கம்போல வராந்தாவுக்கு நழுவப் போனவனை அவள் வழிமறித்தாள்.

"இன்னிலேர்ந்து உங்கப்பாவுக்குத் துணி மாத்தறது, கழுவறது எல்லாம் நீதான். காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வந்தப்புறம் நீயே இருக்கணும். நடுவுல வார்டு பாய நான் அனுப்பறேன்."

"நானா? அதெல்லாம் பொம்பளைங்க பாக்கறது சிஸ்டர். எனக்கு ஒத்துக்காது. அந்த நாத்தம் வந்தாலே வாந்தி வந்துடும்."

ஆரோக்கியமேரி அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"கம்பெனில எந்த செக்‌ஷன்?"

"ரா செக்‌ஷன். தோல ஊற வெக்கிற எடம்."

"மத்தியானம் எங்க ஒக்காந்து சாப்பிடற?"

மூர்த்திக்குக் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது.

"எங்கப்பா சுண்ணாம்புக் குழில நின்ன மனுஷன். அந்த எடத்து நாத்தம் எனக்கு யாரும் சொல்லத் தேவயில்ல. செத்த மாட்டுத் தோலு பக்கத்துல டிபன் பாக்ஸத் தொறந்து சாம்பார் சோறு துன்ற. பெத்தவரு மூத்திரம் ஒனக்கு நாறுதா?"

நசீர் அகமது இருமுவதுபோலப் போர்வையை வாயில் வைத்துக்கொண்டார். மூர்த்தியின் முகம் சிவந்தது.

"வீட்ல பொம்பள இருக்கச்சொல்ல நான் செஞ்சா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"பாக்கறவங்க ரொட்டி குடுத்துட்டு பஸ் ஏறிடுவாங்க. ஒங்கப்பா ஏன் குடிக்கலன்னு தெரியுமா ஒனக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னாள். சொன்னபோது அவள் வாயில் ஏளனம் இல்லை. மூர்த்தி திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான்.

அவன் ஒன்றும் உடனே பெற்றவர்களைத் தோளில் சுமந்த சிரவணன் ஆகிவிடவில்லை. முதல் தடவை மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வந்தான், கொள்ளைக்காரன் மாதிரி. "அவுத்துப் போடு, அவரு ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருக்காரு" என்று ஆரோக்கியமேரி அதைப் பிடுங்கினாள். மேலே ஒரு போர்வையைப் போட்டு, அதற்குள் கையை விட்டு வேலை செய்யச் சொல்லிக்கொடுத்தாள். எப்படி ஒருக்களிக்க வைப்பது, முதுகில் எங்கே சிவக்கிறதென்று எப்படிப் பார்ப்பது, துணியை எப்படிச் சுருக்கமில்லாமல் இழுப்பது, எல்லாவற்றையும் திட்டித் திட்டியே காட்டினாள். அவன் தப்பாகத்தான் செய்தான், ஈரத்துணியைத் தன் பேன்ட்மேலேயே போட்டுக்கொண்டான். ஆனால் ஆதிகேசவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.

அடுத்தபடியாக மோகனாவைப் பிடித்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வந்தா போதும். போய்த் தூங்கு."

"நான் போய்ட்டேன்னா சொல்லிக் காட்டுவாங்க சிஸ்டர்."

"நீ இங்க இருக்கச்சயும்தான் சொல்லிக் காட்டினாங்க. தூங்கி எழுந்து கேட்டா கொஞ்சம் கம்மியா வலிக்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அவரு வாய மூடினது ஒன்னால இல்ல. ஒன்ன அவரு அவ்ளோ மரியாதையா வெச்சிருக்காரு, அதனால. இத யார் இன்னா சொன்னாலும் மனசுல வெச்சிக்கோ."

மோகனா செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள், வார்டு வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

காய்ச்சல் இறங்கியது. குழாய் இறக்கும் பேச்சும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் கமலம் தன் பட்டாளத்தோடு மறுபடி வந்து இறங்கினாள். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூர்த்தி அவர் காலடியில் துணியை மடித்துக்கொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டதும் கமலத்துக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. வார்டு முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"புள்ளன்னா இப்படி இருக்கணும். எந்த ஆம்பள இந்தக் காலத்துல இதெல்லாம் செய்வான்? எங்கண்ணன் குடுத்து வெச்சவரு."

கூட வந்தவர்கள் ஆமோதித்தார்கள். ஒருத்தி மூர்த்தியின் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கு எடுத்தாள். இன்னொருத்தி இதைப் பார்த்துத் தன் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போட்டோ எடுத்தாள். நான்கைந்து நாள் துணி மாற்றியவனுக்கு அங்கே கோயில் கட்டுவது ஒன்றுதான் பாக்கி. வாரக்கணக்கில் அதே வேலையைச் செய்தவள் பிளாஸ்க்கும் டம்ளருமாகச் சுவரோரம் நின்றாள். அவளுக்கு நகர்ந்து வழிவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பாராட்டு முழுவதையும் மூர்த்தி குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பார்வை நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் ஆரோக்கியமேரி விரட்டுவதற்காகவே கிளம்பி வந்தாள். அதற்குள் கமலம் மோகனாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கக் கை நீட்டினாள்.

"இப்படிக் குடு, மூர்த்தி கையால குடுக்கட்டும். ஒன் கையாலதான் எங்கண்ணன் குடிக்க மாட்டாரே. கை ராசின்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

மோகனா டம்ளரை விட்டுக்கொடுக்கப் போனாள். கட்டிலில் ஆதிகேசவனின் இடது கை மெத்தையை ஓங்கித் தட்டியது. எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாய் கோணிக்கொண்டு, உதடு குவிந்து, கழுத்து நரம்பு புடைத்து எதையோ வெளியே தள்ளப் பார்த்தார். நோய் வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு எழுத்து வந்ததில்லை.

"மூர்த்தின்றாரு" என்றாள் கமலம், கையைக் கூப்பியபடி. "சொல்லுண்ணா, ஒம் புள்ள பேரச் சொல்லு."

ஆதிகேசவன் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"போ" என்றார்.

போட்டோ எடுத்தவளின் போன் பாதியில் நின்றது.

"இன்னா சொல்றாரு?" என்று கமலம் மற்றவர்களைக் கேட்டாள்.

"நல்லாத்தான கேட்டுச்சு" என்றாள் ஆரோக்கியமேரி. "போன்னு சொல்றாரு. பேச்சு வந்துடுச்சு, ரொம்ப சந்தோஷம், டாக்டர்கிட்ட சொல்றேன். கெளம்புங்க."

கமலம் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவதா எடுத்துக்கொண்டு போவதா என்று அவளுக்குக் குழப்பம், கடைசியில் எடுத்துக்கொண்டுதான் போனாள். மூர்த்தி அத்தையின் பின்னால் இரண்டடி வைத்துவிட்டு நின்றான்.

"மோகனாதான் இத்தினி நாளும் பாத்துக்கினா அத்த" என்றான். அத்தை அதற்குள் வராந்தா திரும்பிவிட்டாள். காதில் விழுந்ததோ என்னவோ.

ஆதிகேசவன் தலையை மெல்ல நகர்த்திச் சுவரோரம் நின்ற மருமகளைத் தேடினார். அவள் அருகே வந்ததும் அவரே வாயைத் திறந்தார். மோகனா டம்ளரைச் சாய்த்ததில் கொஞ்சம் தண்ணீர் தாடையில் வழிந்தது, முந்தானையால் அவள் துடைத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டம்ளர் காலியாயிற்று.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாமா?" என்றாள். அவர் ஆமென்று தலையசைத்தார்.